கையெழுத்துக்கு முந்தி குப்பையைப் பாரு மாப்ளே

மாப்ளே, மொதல்ல நல்ல பேனாவா ஒண்ணு வாங்கிக்க. மாநகராட்சியோட நீ போடப்போற புரிந்துணர்வு ஒப்பந்தத்துல ஒழுங்கா வேலை செய்யப்போறது அந்தப் பேனா மட்டும்தான். அதுவும் பாதியில மக்கர் பண்ணிருச்சுன்னா, போட்டோகிராபர் எல்லாரையும் மறுபடி சிரிக்கச் சொல்லுவான். கமிஷனர் ஒரு தடவ சிரிச்சதே பெரிய விசயம்.

உங்கம்மா போன்ல சொன்னா. "அண்ணே, உங்க மருமகன் காலேஜும் கார்ப்பரேசனும் சேர்ந்து ஊரையே பசுமையாக்கப் போகுதாம்"னு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. நானும் அந்தக் காலத்துல பஞ்சாயத்து வார்டு மெம்பரா இருந்தவன். 2011-ல மதுரை மாநகராட்சி 72 வார்டை 100 வார்டா விரிச்சப்ப எங்க பஞ்சாயத்தையும் சேத்து முழுங்கிருச்சு. நான் பட்டணத்துக்குக் குடிபோகல மாப்ளே. வேப்பமரத்தடியில கயித்துக் கட்டில்ல படுத்துக் கெடந்தேன், பட்டணம் வந்து கால்மாட்டுல நின்னுச்சு. அன்னையிலருந்து வரி மட்டும் நகரத்து வரி, வாய்க்கா இன்னும் கிராமத்து வாய்க்காதான். நீ டாக்டர் பட்டம் வாங்குனவன். நான் பட்டா வாங்கவே தாலுகா ஆபீஸ் வாசல்ல தவம் கெடந்தவன். ஆபீசு எப்படி நடக்கும்ங்கிறதுல நம்ம ரெண்டு பேருல யாருக்கு அனுபவம் ஜாஸ்தின்னு நீயே முடிவு பண்ணிக்க.

சுலபமான வழியை மொதல்ல சொல்லிர்றேன். தேதியை ஜூன் 5-க்கு வச்சுக்க, உலகச் சுற்றுச்சூழல் தினம். அன்னைக்கு அதிகாரிங்க எல்லாருக்கும் எங்கயாவது மரக்கன்னு நடுற சோலி இருக்கும், போற வழியில உங்க காலேஜையும் முடிச்சுருவாங்க. புதுசாக் குழி தோண்டாத. போன வருசம் நட்டுக் காஞ்சுபோன குழி அப்படியே கெடக்கும், அதுலயே நடு. மறுபயன்பாடுன்னு அறிக்கையில எழுதிக்கலாம். வர்றவங்களுக்குப் பொன்னாடை, அப்புறம் பளபளன்னு பிளாஸ்டிக் தாள் சுத்துன பூங்கொத்து. பின்னாடி "நெகிழி இல்லா நகரம்"னு பெரிய ஃபிளக்ஸ். "அந்த ஃபிளக்ஸே நெகிழிதானய்யா"ன்னு கூட்டத்துல எவனாவது எந்திரிச்சான்னா, பதறாத. அவனை ஆலோசனைக் குழுவுல உறுப்பினராப் போட்டுரு. அப்புறம் அவன் வாயைத் தொறக்க மாட்டான்.

உன் பக்கத்து நியாயமும் தெரியாம இல்ல. காலேஜுக்குத் தரம் போடுற நாக் குழு வருது. எத்தனை நிறுவனத்தோட ஒப்பந்தம் இருக்கு, அதுல எத்தனை நடப்புல இருக்குன்னு கேப்பாங்க. மூக்குல விரல் வச்சு உசுர் இருக்கான்னு பாக்க அவங்களுக்கு ஏது நேரம், ஃபைல்ல போட்டோ இருந்தாச் சரி. அந்தப் பக்கம் மாநகராட்சிக்கும் மேலருந்து ஒரு படிவம் வரும். கல்வி நிறுவனங்களோட கைகோத்து என்ன செஞ்சீங்கன்னு ஒரு கட்டம் இருக்கும் அதுல. அவங்க கட்டத்துக்கு நீ, உன் கட்டத்துக்கு அவங்க. யாருக்கும் நட்டமில்ல. குப்பைக்கும் நட்டமில்ல, அது வெள்ளக்கல்லு குப்பைக்கிடங்குல இருந்த எடத்துல அப்படியே இருக்கு.

அப்புறம் இந்தக் கருத்துக்கணிப்பு. ஒரு தடவ எங்க தெருவுக்கு ஒரு காலேஜுப் பிள்ளைங்க வந்துச்சுங்க. வெயில்ல வேர்க்க விறுவிறுக்க, கையில அட்டை. "உங்கள் பகுதியின் நீடித்த வளர்ச்சி குறித்த தங்கள் மனநிறைவை 1 முதல் 5 வரை குறிப்பிடவும்"னு எதுத்த வீட்டுக் கிழவிகிட்ட வாசிச்சுக் காட்டுனான் ஒரு பய. கிழவி யோசிச்சா. "அஞ்சுன்னா நல்லதா, கெட்டதாப்பா?" "அஞ்சுதான் நல்லது பாட்டி." "அப்ப அஞ்சே போட்டுக்க ராசா. கொறைச்சுப் போட்டா உங்க வாத்தியாரு வைவாரு"ன்னுட்டு மோர் குடுத்து அனுப்பிச்சா. அவ வீட்டு வாசல்லதான் சாக்கடை தேங்கி நின்னுச்சு, அந்தப் பிள்ளைங்க தாண்டிக் குதிச்சுத்தான் போச்சுங்க. எங்க தெரு சனம் மனநிறைவோட வாழுதுன்னு எங்கயாவது இங்கிலீசுல கட்டுரை வந்திருக்கும். வந்திருந்தா எனக்கும் ஒண்ணு அனுப்பு, கிழவிக்கு வாசிச்சுக் காட்டணும்.

மொகத்தைச் சுருக்காத. படிச்சவனும் ஊராட்சிக்காரனும் சேந்து உருப்படியா எதுவுமே நடக்கலன்னு சொல்ல வரல. நடந்திருக்கு, அதுவும் உன் மூக்குக்கு முன்னால. திருப்பரங்குன்றம் போற வழியில தியாகராசர் பொறியியல் கல்லூரியைத் தினம் தாண்டித்தான போறே? அங்க ராஜகோபாலன் வாசுதேவன்னு ஒரு பேராசிரியர். கட்டுமானத்துறைகூட இல்ல, வேதியியல் வாத்தியார். வேண்டாம்னு தூக்கிப் போடுற பிளாஸ்டிக்கைத் தார் ரோட்டுக்குள்ள போட முடியுமான்னு பாத்தவர் அவர். 2018-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. நீ பத்மஸ்ரீயைப் பாக்காத, ரோட்டைப் பாரு.

2002-ல சென்னையில ஜம்புலிங்கம் தெரு. அடுத்த வருசம் ஈரோட்டுல வீரபத்திரன் தெரு. அப்புறம் நம்ம வண்டியூர் ரோடு, விளாச்சேரி ரோடு. தெருப் பேரைக் கவனிச்சியா? எட்டுவழிச் சாலையும் இல்ல, விமான நிலையத்துக்குப் போற பாதையும் இல்ல. மாநகராட்சி லாரியும் குப்பை வண்டியும் தண்ணி லாரியும் போட்டு மிதிக்கிற சாதாத் தெரு. பின்னால மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக இந்தத் தெருவையெல்லாம் சோதிச்சுப் பாத்தாங்க. மழைக்கு அப்புறம் குழி விழுந்திருக்கா, ஜல்லி பேந்திருக்கான்னு. பெரிசா ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்குன்னு எழுதுனாங்க. தமிழ்நாட்டுத் தெருவுல நாலஞ்சு மழைக்கு அப்புறம் குழி இல்லன்னா, எனக்கு அதுக்கு மேல ஆராய்ச்சி வேண்டாம் மாப்ளே.

இது ஏன் பிழைச்சுதுன்னு நான் நெறைய நாள் யோசிச்சிருக்கேன். தார் பிளான்ட்டுல அந்த வேலை நடக்குறதைப் பக்கத்துல நின்னு பாத்தப்பதான் வெளங்குச்சு. ஜல்லியை ஒரு 160, 170 டிகிரிக்குச் சூடு பண்றாங்க. அது எப்பவும் செய்றதுதான். அந்தச் சூட்டுக் கல்லு மேல, 2 மில்லியிலருந்து 5 மில்லிக்குள்ள துண்டு துண்டா அரைச்ச பிளாஸ்டிக்கைக் கொட்டுறாங்க. நிமிசத்துக்குள்ள அது இளகி, சீனிச்சேவுல பாகு ஒட்டுனாப்ல கல்லைச் சுத்திப் பிடிச்சுக்கிருது. எரியல, பொகையல. அந்தச் சூட்டுல அது இளகும், கருகாது. கருகணும்னா இன்னும் நூறு டிகிரி பக்கம் ஏத்தணும். அதுக்கு மேல வழக்கம்போலத் தாரு. கல்லுக்கும் தாருக்கும் நடுவுல தண்ணி போக எடம் இல்ல, அதனாலதான் மழைக்குப் பேக்கல. தாருலயும் பத்துல ஒரு பங்கு மிச்சம். ஒத்தை வழி ரோடு ஒரு கிலோமீட்டர் போட்டா சுமாரா ஒரு டன் பிளாஸ்டிக் உள்ள போகுதுன்னு கணக்கு.

இதுல உனக்கு என்ன பாடம்னா, அங்க பிளான்ட்டு மாறல. மிஷின் மாறல. ரோலர் ஓட்டுறவன் மாறல. தாரைக் கொதிக்க வச்சு அதுக்குள்ள பிளாஸ்டிக்கைக் கலக்குறது இன்னொரு முறை. அதுக்குத் தனிக் கலக்கி வேணும், டெண்டர் வேணும், அதுக்கொரு கமிட்டி வேணும். அந்த வழியை விட்டுட்டு, காண்ட்ராக்டர் ஏற்கெனவே செய்ற வேலையில ஒரே ஒரு சாக்கு மூட்டையை மட்டும் கூடச் சேத்தாரு வாத்தியாரு. "புதுசா எதுவும் வாங்க வேண்டாம்"னு சொன்னாலே எந்தப் பொறியாளரும் நிமிந்து உக்காந்து கேப்பான். நீ காட்டுன படத்துல இருக்கே, சென்சார் வச்ச குப்பைத்தொட்டி, நெறைஞ்சா போன்ல மணி அடிக்கும்னு. மணி அடிச்சா அள்ள வண்டி வேணும்ல? வண்டி இல்லாததுனாலதான மாப்ளே அது நெறையுது.

இன்னொண்ணு. அவரு அதை அரசாங்கத்துக்குச் சும்மாவே குடுத்தாரு. காப்புரிமை 2006-ல காலேஜ் பேருல வந்துச்சு. ஆனாலும் அதை வச்சு ஊராட்சி வாசல்ல பில் நீட்டல. அதுக்கு மேல சிரமமான வேலை ஒண்ணு நடந்துச்சு, பத்திரிகையில அதுக்கு அம்புட்டாப் பேர் வராது. 2013-ல இந்தியச் சாலைப் பேராயம் எஸ்.பி. 98-னு ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டுச்சு. கழிவுப் பிளாஸ்டிக்கை ரோட்டுல எப்படிப் போடணும், எவ்வளவு போடணும், எதைப் போடக்கூடாதுன்னு எல்லாம் அதுல இருக்கு. இளநிலைப் பொறியாளர் ஜே.இ.க்கு உயிர் நாடி அதுதான். புத்தகத்துல இல்லாததை அவன் ரோட்டுல போட்டா, நாளைக்குத் தணிக்கைக்காரன் வந்து பென்சன்ல கை வைப்பான். புத்தகத்துல ஏறிருச்சுன்னா தைரியமாக் கையெழுத்துப் போடுவான். 2015-ல மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு உத்தரவும் போட்டுச்சு, 5 லட்சம் பேருக்கு மேல இருக்குற நகரத்தைச் சுத்தி 50 கிலோமீட்டருக்குள்ள தார் ரோட்டைப் புதுப்பிச்சா கழிவுப் பிளாஸ்டிக்கையும் சேக்கணும்னு.

ஜம்புலிங்கம் தெருவுலருந்து புத்தகத்துல ஏற 11 வருசம். உன் ஒப்பந்தம் எத்தனை வருசத்துக்கு? மூணா? சரி சரி, நான் ஒண்ணும் சொல்லல.

எல்லாம் சுபம்னு நினைச்சுக்கிட்டு ஓடிராத. ரோட்டுக்குள்ள போறதுக்குப் பிளாஸ்டிக் மொதல்ல தனியா வரணுமே. பால் கவர் பாலோட கெடக்கும், சாம்பார்ப் பொட்டலம் சாம்பாரோட கெடக்கும். மக்கும் குப்பை, மக்காத குப்பைன்னு செவுரு பூரா எழுதி வச்சிருக்கு. எங்க தெருவுல எழுத்து பச்சை, நீலம்னு தனித்தனியாத்தான் இருக்கு, குப்பைதான் ஒண்ணா வருது. அதைக் கையால பிரிக்கிறது தூய்மைப் பணியாளருங்க. ஒரு காலை நேரத்துல குப்பைக் கொட்டகையில போய் நில்லு. ஒரு பொம்பள கவரை ஒதறி, அதுக்குள்ள இருக்குற எச்சச் சோத்தை ஒரு பக்கம் தட்டி, கவரைக் கழுவாம வெயில்ல விரிக்கிறதைப் பாரு. ஈரத்தோட அரைச்சா மிஷின் சுத்திக்கிட்டு நிக்கும். பி.வி.சி. கலந்துட்டாச் சூட்டுல விசவாயு வரும், அதை விரல் நுனியில தடவிப் பாத்துப் பிரிச்சு எடுக்குறதும் அவதான். உங்க விழா மேடையில தொங்கப்போற ஃபிளக்ஸ் இருக்குல்ல, அது அந்த ரகம். ரோட்டுக்குக்கூட ஆகாது.

உன் ஆய்வுக் கட்டுரையில "பங்குதாரர்கள்"னு ஒரு படம் வரைஞ்சு வட்டம் வட்டமாப் போட்டிருந்தியே, அதுல இந்தப் பொம்பள எந்த வட்டம்? தேடிப் பாத்தேன், கெடைக்கல. என் கண்ணாடி பழசு, ஒருவேளை அதனாலயா இருக்கும்.

ஊர்ல இன்னொரு கேள்வியும் ஓடுது, உங்க ஆளுங்க தயங்காம கேக்கணும். 2019 சனவரி 1-லருந்து ஒருதடவ தூக்கியெறியுற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டுல தடை. அப்புறம் மஞ்சப்பையைத் திரும்பக் கொண்டாந்தாங்க. ஒரு கையில தடை, இன்னொரு கையில "கொண்டா, ரோட்டுல போடுவோம்"னு அழைப்பு. தடை ஜெயிச்சா ரோட்டுக்குச் சரக்கு இல்ல, ரோடு ஜெயிச்சா தடைக்கு மரியாதை இல்ல. அதுபோக, ரோடு தேயத் தேய அந்தப் பிளாஸ்டிக் தூளு எங்க போகுது, வாய்க்காலுக்கா வைகைக்கா? இதையெல்லாம் அளந்து சொல்ற வேலை மாநகராட்சிக்கு வராது. உங்க ஆய்வுக்கூடத்துக்குத்தான் வரும். மாநகராட்சி சந்தோசப்படாத முடிவு வந்தாலும் அச்சுல போடுவோம்னு ஒப்பந்தத்துல ஒரு வரி சேத்துக்க. அந்த வரியைப் பாத்ததும் எதுத்தாப்ல உக்காந்திருக்கிறவரு தண்ணி கேப்பாரு. குடு. குடிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டாருன்னா அவரு நல்ல அதிகாரி, விட்டுராத.

ஆனா அவரையே நம்பியும் இருக்காத. நல்ல அதிகாரிக்குத்தான் மாறுதல் சுருக்கா வரும். நீ விளக்கப்படம் போட்டு, டீ குடிச்சு, அவருக்குப் பிடிச்சுப்போயி, "சார் அடுத்த வாரம் பண்ணிரலாம்"னு சொன்ன அன்னைக்கு ராத்திரி டிவியில கீழ ஓடும், இன்னார் இன்ன எடத்துக்கு மாற்றம்னு. புதுசா வர்றவருக்கு உன் பேரைச் சொன்னா, "எந்தக் காலேஜு?"ன்னு கேப்பாரு. மறுபடி விளக்கப்படம், மறுபடி டீ. அதனால ஆளைப் பிடிக்காத, தீர்மானத்தைப் பிடி. மாமன்றக் கூட்டத்துல அஜெண்டாவுல ஏறி, கவுன்சிலருங்க கத்தி முடிச்சு, நிறைவேறுனதுன்னா அது ரெஜிஸ்டர்ல இருக்கும். அதை எந்த மாறுதலும் தூக்கிட்டுப் போகாது.

இதுலயும் நம்ம ஊருக் கூத்து ஒண்ணு இருக்கு. 2016 அக்டோபர்ல கவுன்சிலருங்க காலம் முடிஞ்சுச்சு. நகராட்சி, மாநகராட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில. நடுவுல அஞ்சு வருசத்துக்கு மேல தனி அதிகாரிங்க ஆட்சி. ஸ்மார்ட் சிட்டின்னு ஊரைத் தோண்டுனது பாதிக்கு மேல அந்தக் காலத்துலதான். ஒப்பந்தம் போடுற வாத்தியாருங்களுக்கு அது பொற்காலம் மாப்ளே, கத்துறதுக்கு ஆளில்ல, கையெழுத்து சுருக்காக் கெடைக்கும். எங்க தெருவுல என்ன வேணும்னு சொல்றதுக்கும் ஆளில்லங்கிறது சின்ன விசயம், அதை விடு. அரசியல் சட்டத்துல 74-வது திருத்தம்னு ஒண்ணு 1993-ல நடப்புக்கு வந்துச்சே, அதுல நகராட்சிகளுக்கு 18 வேலை எழுதி வச்சிருக்கு. நகர்ப்புறத்துல மரம் வளக்குறதும் சுற்றுச்சூழலைக் காக்குறதும் அதுல உண்டு. ஆக நீ போய் அவங்களுக்கு உதவி செய்யல, அவங்க வேலையை அவங்களுக்கு ஞாபகப்படுத்துறே. ஆனா அந்தத் தொனியில பேசிராத, காரியம் கெட்டுரும். இப்ப வார்டுக் கமிட்டி, பகுதி சபான்னு 2022-ல விதி போட்டிருக்காங்க. உன் விளக்கப்படத்தை அங்க கொண்டுபோய் போட்டுக் காட்டேன். அங்க ஏசி இல்ல, ஆனா கேள்வி இருக்கும்.

போன தடவ வந்தப்ப அமெரிக்காக்காரன் கதை ஒண்ணு சொன்னியே, ஓரிகன் பல்கலைக்கழகம். 2009-ல தொடங்குனதாம், வருசத்துக்கு ஒரு ஊரை எடுத்துக்குவாங்களாம், சேலம்னு நீ சொன்னதும் நான் நம்ம மாம்பழச் சேலம்னு நினைச்சு அரை மணி நேரம் தலையாட்டிக்கிட்டு இருந்தேன். அங்கயும் ஒரு சேலம் இருக்காம். 2010-11-ல அந்த ஊருக்கு வேலை செஞ்சாங்களாம். கட்டடக்கலை, திட்டமிடல்னு பல துறைப் பிள்ளைங்க, அந்த ஊருக்காரங்க கேட்ட வேலையையே அந்த வருசப் பாடமா எடுத்துச் செய்வாங்களாம். கதையில எனக்குப் பிடிச்ச எடம் எது தெரியுமா? செலவுக்கு ஊரு காசு குடுக்குது. அதை நீ ரெண்டு நொடியில தாண்டிப் போயிட்ட. அங்கதான் மாப்ளே நிக்கணும். சும்மா குடுக்குற அறிக்கையை நம்ம ஊர்ல எவனும் வாசிக்க மாட்டான். மாநகராட்சி உனக்குப் பத்தாயிரம் ரூபா குடுக்கட்டும், அதுக்கு வவுச்சர் இருக்கட்டும். மறு வருசம் தணிக்கைக்காரன் வந்து, "இந்தப் பத்தாயிரத்துக்கு என்ன அறிக்கை வாங்குனீங்க, எங்க அது?"ன்னு கேப்பான். உலகத்துல உன் அறிக்கையைத் தேடுற ஒரே ஆள் அவனாத்தான் இருப்பான். (நான் முன்னாடி வாசுதேவன் சும்மா குடுத்ததைப் பாராட்டுனேனேன்னு மடக்காத. அவரு குடுத்தது ரோடு. நீ குடுக்கப்போறது பேப்பர்.)

காலக்கணக்கையும் பாத்துக்க. வடகிழக்குப் பருவமழை ஊத்துற நேரத்துல உங்க பிள்ளைங்களுக்குப் பருவத் தேர்வு. தண்ணி எங்க நிக்குது, எந்தப் பக்கம் ஓடுதுன்னு கண்ணால பாக்க வேண்டிய அக்டோபர், நவம்பர்ல அதுங்க மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருக்குங்க. வெள்ளம் வடிஞ்சு, புழுதி கெளம்புனதுக்கப்புறம் பிப்ரவரியில வந்து, "இங்க தண்ணி நிக்குமா தாத்தா?"ன்னு கேக்குதுங்க. மாநகராட்சி பட்ஜெட் மார்ச்சுல முடிஞ்சுருது, உங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ஏப்ரல்ல கட்டு கட்டா வருது. எந்த ஒப்பந்தத்துலயாவது இதைப் பத்தி ஒரு வரி பாத்திருக்கியா? "இரு தரப்பினரும் அறிவுப் பரிமாற்றம் செய்துகொள்வர்"னு மட்டும் தவறாம இருக்கும்.

சென்னையில 2015 வெள்ளத்துக்கு அப்புறம் பம்பாய் ஐ.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம்னு பல எடத்து ஆளுங்க கூடி, மழை இம்புட்டுப் பேஞ்சா எந்த வார்டுல எம்புட்டுத் தண்ணி ஏறும்னு முன்கூட்டியே சொல்ற ஏற்பாடு ஒண்ணு செஞ்சாங்க. பெரிய படிப்பு அது, நான் கிண்டல் பண்ணல. அதுக்கும் அடியில வேண்டியது கால்வாய் எங்க ஓடுது, எந்த மட்டத்துல ஓடுதுங்கிற கணக்குத்தான். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணி நின்னதை டிவியில எல்லாரும் பாத்தோம். தண்ணி வருதுன்னு சொல்றது ஒரு வேலை, அது போறதுக்கு வழி விடுறது வேற வேலை. ரெண்டாவது வேலைக்கு முனைவர் பட்டம் பத்தாது, ஆக்கிரமிப்பு எடுக்குற தைரியம் வேணும்.

நம்ம ஊர்ல அந்த மட்டக் கணக்கு எங்க இருக்குன்னு நினைக்கிறே? பழைய பகுதிகள்ல பாதி கணக்கு மேஸ்திரி மண்டைக்குள்ள இருக்கு. எந்தச் சந்துல எந்த மூடிக்கு அடியில குழாய் வளையுது, எந்த வீட்டுக்காரன் படிக்கட்டு கட்டி மேன்ஹோலை மறைச்சிட்டான், எது மழைக்கு எதுத்துக்கிட்டு வரும், எல்லாம் அவனுக்கு அத்துபடி. வரைபடம் கேட்டா "சார், வாங்க காட்டுறேன்"னு நடக்க ஆரம்பிச்சுருவான். நாளைக்கு அவன் ஓய்வு பெறுவான், மாலையைப் போட்டு அனுப்பி வைப்பாங்க, கூடவே ஊரோட பாதாளச் சாக்கடையும் வீட்டுக்குப் போயிரும். உன் பிள்ளைங்களை ஒரு அரைப்பருவம் அவன் பின்னால நடக்க விடு. அவன் காட்டுன எடத்தையெல்லாம் போன்ல குறிக்கட்டும், மட்டக்கருவி வச்சு அளக்கட்டும். முடிவுல உதவிப் பொறியாளர் மேசைக்கு ஒரு படம் வரும். அந்த மாதிரி ஒரு படத்தை அவரு பூட்டி வைப்பாரே ஒழிய, தூக்கிப் போட மாட்டாரு. மேஸ்திரிக்கு மதிப்பூதியம்னு ஏதாவது போடு. "வள ஆளுமை"ன்னு சான்றிதழ் ஒண்ணும் குடு, உங்களுக்குத்தான் அது ஏகப்பட்டது அச்சடிச்சுக் கெடக்குமே.

2020-ல டுலிப்னு ஒரு திட்டம் வந்துச்சுல்ல, படிச்ச பிள்ளைங்களை நகராட்சிகள்ல பயிற்சிக்கு விடுறது. நல்ல ஏற்பாடு. ஆனா நீ அனுப்புற பிள்ளைக்கு என்ன வேலைன்னு முன்கூட்டியே எழுதி வாங்கிக்க. இல்லாட்டி மொத நாள் நாற்காலி இருக்காது, ரெண்டாம் நாள் ஜெராக்ஸ் எடுக்கப் போகும், மூணாம் நாள்லருந்து அந்தப் பிரிவுக்கே அதுதான் டைப்பிஸ்ட்டு. திரும்பி வந்து உன்கிட்ட "சார், நகர்ப்புற நிர்வாகத்தை நேர்ல கத்துக்கிட்டேன்"னு சொல்லும். பொய்யின்னும் சொல்ல முடியாது.

சரி, நேரமாச்சு, உங்கத்தை சோத்துக்குக் கூப்பிடுறா. விழாவுக்கு நான் கண்டிப்பா வர்றேன். முன் வரிசையில எடம் போடு, பொன்னாடை வேண்டாம், வேட்டியாக் குடுத்தா வாங்கிக்கிருவேன். கமிஷனர் பக்கத்துல நிக்கிறப்ப எனக்காக ஒரே ஒரு வேலை செய். எங்க தெரு வாய்க்கா அடைச்சு மாசக்கணக்காக் கெடக்கு. அதை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கிறேன்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லிராத, அப்புறம் ஆராய்ச்சி முடியிற வரைக்கும் தூர்வாரக் கூடாதும்பாங்க. எங்க வார்டு ஜே.இ. போன் நம்பரை மட்டும் வாங்கியா. நான் அடிச்சா எடுக்க மாட்டேங்கிறான், டாக்டர் அடிச்சா எடுப்பான்ல?